வேக்காடு

கடலை விட்டு ஏழாயிரம் அடி ஏறி வந்து
கொடைக்கானல் ஏரியின் பின்புறக் கொட்டகையில்
ஒரு படகின் முதுகெலும்பைக் கிடத்தியிருக்கிறோம்.
வாகை ஏரா, பதினாறு அடி.
இருபுறமும் கருவேல வங்குகள் எழுந்து நிற்க
இப்போதைக்கு அது
யாரோ தின்று வைத்த மீன்.

கஸ்பாரும் நானும் பேசி ஏழு மாதம்.
தங்கை புருஷன்.
ஒரு வள்ளத்து இன்ஜின்.
விற்ற விலை ஒன்று, நான் சொன்ன விலை ஒன்று.
வேலைக்குக் கூப்பிட்டவருக்கு இதெல்லாம் தெரியாது.
"தூத்துக்குடியிலிருந்து ரெண்டு பேர்" என்று
நோட்டில் எழுதியிருந்தார், அவ்வளவுதான்.
ஒரே பஸ்ஸில்
வேறு வேறு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு
வத்தலக்குண்டு தாண்டி ஏறினோம்.

ஏராவை ஒட்டிவரும் முதல் பலகை லேசுப்பட்டதல்ல.
அணியத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும்
நடுவில் படுக்க வேண்டும்
அமரத்துக்குப் போனால் மறுபடி எழ வேண்டும்.
காய்ந்த மரத்திடம் இதைக் கேட்க முடியாது.
அவித்துத்தான் கேட்க வேண்டும்.

தகர டிரம்மில் தண்ணீர், அடியில் சீகை விறகு,
ஆவிப்பெட்டிக்குள் அயினிப் பலகை.
முக்கால் அங்குலத்துக்கு முக்கால் மணி நேரம்:
ஊர்க் கணக்கு.
தண்ணீர் இங்கே அவசரப்பட்டுக் கொதித்தது.
நல்லதுதான் என்று நினைத்தேன்.

கைகளில் சாக்கு சுற்றி
அவன் அணியத்தில், நான் அமரத்தில்.
காடியில் முனையைப் பொருத்தினான்.
கிளாம்பு கடித்தது.
நான் முறுக்கிக்கொண்டே வந்தேன்.
மூன்றாவது வங்கில்
காய்ந்த மட்டை முறிகிற சத்தம்.

அவன் என்னைப் பார்த்தான்.
நான் கிளாம்பைப் பார்த்தேன்.
யார் தப்பு என்று வாயைத் திறந்தால்
இன்ஜின் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.
விரிசலிலிருந்து மட்டும்
ஆவி வந்துகொண்டிருந்தது.

சோறு கொண்டுவந்த வில்பட்டி ரெஜினா
தூக்குவாளியை ஒரு வங்கில் மாட்டிவிட்டு
முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
"வேகல."
எங்களிடம் இல்லை, பலகையிடம் சொன்னாள்.
"கீழேருந்து வர்றவங்க எல்லாருக்கும் இதே கதைதான்.
இங்க தண்ணி தளதளங்கும், சூடு இருக்காது.
பருப்பு போட்டா போட்டபடி கெடக்கும்.
குக்கர் இல்லைன்னா ரெண்டு பங்கு விறகு."

வாளியைத் திறந்தோம்.
பருப்பு குழைந்திருந்தது.

இரண்டாவது பலகை.
பெட்டியின் இடுக்கெல்லாம் களிமண், மேலே ஈரச்சாக்கு,
ஒன்றரை மணி நேரம்.
அதற்குள் மேகம் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.
எது எங்கள் ஆவி, எது மலையுடையது என்று தெரியவில்லை.
கஸ்பார் நிற்குமிடம்
அவன் இருமலில்தான் தெரிந்தது.

பெட்டியைத் திறந்தால் ஒரு நிமிஷம்.
அந்த ஒரு நிமிஷத்தைப் பேசாமல் கடக்க முடியாது.
"புடி."
"புடிச்சாச்சு."
"கீழ. இன்னும் கீழ. காடிக்குள்ள."
"நழுவுது..."
"விட்ராத மச்சான்!"

என் வாயிலிருந்துதான் வந்தது.
திரும்ப எடுக்க நேரமில்லை,
மரம் ஆறிக்கொண்டிருந்தது.
மூன்றாவது வங்கைத் தாண்டியது. நான்காவது.
நனைந்த தோல்வார் மாதிரி
சொன்னபடி வளைந்து
ஏராவோடு போய்ப் படுத்தது.

பிறகு செப்பாணி.
வெளியே அவன் அடிக்க
உள்ளே நான் இரும்பு கொடுத்துத் தாங்கினேன்.
ஒவ்வொரு அடியும் அவன் தோளில் புறப்பட்டு
மரத்தைக் கடந்து
என் உள்ளங்கையில் வந்து நின்றது.
நாற்பத்திரண்டு ஆணி.
பன்னிரண்டாவது மட்டும் கொஞ்சம் அதிகம்.
வாங்கிக்கொண்டேன்.

இருட்டியதும் அவன் வெளியிலிருந்து டார்ச் அடித்தான்.
நான் உள்ளே குப்புறப் படுத்து
காடி நெடுக விரலை ஓட்டினேன்.
அமரத்துப் பக்கம் ஓரிடத்தில்
நூலளவு வெளிச்சம்.
"தெரியுதா?"
"தெரியுது."
பஞ்சும் குங்கிலியமும் பையில் இருக்கிறது.
அதை அடைத்துக்கொள்ளலாம்.

இன்னும் பதின்மூன்று பலகை.
டிரம்மில் தண்ணீர் பாதியாகியிருந்தது.
யாரும் சொல்லாமலே
கஸ்பார் வாளியை எடுத்துக்கொண்டு
ஏரிக்கு இறங்கினான்.